டெட் மூன்: காசில்லாத ஒலியா, வேண்டுமென்றே வைத்த ஒலியா?

ஒரு வாசகர் கேட்டது: டெட் மூன், டெட் மூன் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே என்று அந்த அமெரிக்க ராக் பேண்டின் இரண்டு ஆல்பம் கேட்டேன். பாட்டெல்லாம் பிடித்திருக்கிறது. ஆனால் பதிவு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. பாடகர் கத்துகிறார், பேஸ் கிதார் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. கையில் காசில்லாமல் இப்படி ஆனதா? நல்ல ஸ்டுடியோ கிடைத்திருந்தால் பெரிய ஆட்களாகியிருப்பார்கள்தானே?

14 ஜனவரி 2022, இரவு

காசு காரணமே இல்லை. பாடகரும் கிதார்காரருமான ஃப்ரெட் கோலும், பேஸ் வாசித்த அவர் மனைவி டூடி கோலும் வேண்டுமென்றேதான் மோனோவில், அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில், போட்டார்கள். ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டுக்குப் பக்கத்துக் கிளாக்கமஸில் தாங்களே கட்டிக்கொண்ட வீடு, ரெக்கார்டு செய்கிற லேத் மெஷின் சொந்தமாக, டூம்ஸ்டோன் ரெக்கார்ட்ஸ் என்று சொந்த லேபிள். அந்த லேத்தும் லேசுப்பட்டதில்லை. கிங்ஸ்மென் என்ற பேண்ட் 1963இல் ‘லூயி லூயி’ என்ற ஹிட் பாட்டைப் பதிந்த அதே மெஷின். எந்த ஸ்டுடியோவைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்கள். முடிந்தது.

15 ஜனவரி, காலை

முடியவில்லை. நேற்று அவசரத்தில் ஒரு தப்பு எழுதிவிட்டேன், இரண்டு பேர் பிடித்துவிட்டார்கள். லேத்தில் யாரும் பாட்டைப் பதிவதில்லை. டேப்பில் பதிந்து முடித்த பாட்டை வார்னிஷ் மாதிரியான லாக்கர் பூசிய அலுமினியத் தட்டில் பள்ளமாக வெட்டுவதுதான் அதன் வேலை. அந்தத் தட்டிலிருந்து உலோக அச்சு எடுத்து, அச்சிலிருந்து ரெக்கார்டுகளை அழுத்துவார்கள். ஆகவே சரியாகச் சொன்னால், ‘லூயி லூயி’ தட்டு வெட்டப்பட்ட லேத் அது. பிரெஸ்டோ கம்பெனியின் 1950களின் மெஷின்.

இந்த வேறுபாடு சும்மா இல்லை. டேப்பில் தப்பு வந்தால் திருப்பி ஓட்டி மறுபடி எடுக்கலாம். லேத்தில் அது நடக்காது. பாட்டு ஓடும் நேரம் முழுக்க ஊசி வெட்டிக்கொண்டே போகும், சீவல் நூல் மாதிரி சுருண்டு வரும், அதை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் சொதப்பினால் அந்தத் தட்டு அவ்வளவுதான், புதிது மாட்ட வேண்டும். ஃப்ரெட் இந்த வேலையைத் தன் கையாலேயே செய்தார். பாட்டு எழுதியவரே, பாடியவரே, கிதார் வாசித்தவரே தட்டையும் வெட்டினார். அப்படி இன்னொருவரைச் சொல்லச் சொன்னால் யோசிக்காமல் என்னால் சொல்ல முடியாது.

15 ஜனவரி, மதியம்

பேஸ் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. ஸ்டீரியோவில் கிதாரை ஒரு ஓரம், டிரம்ஸை இன்னொரு ஓரம் என்று தள்ளி உட்காரவைத்து ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கலாம். மோனோவில் எல்லோருக்கும் ஒரே நாற்காலி. ஒருவர் மடிமேல் ஒருவர். டூடியின் பேஸும் ஃப்ரெட்டின் கிதாரும் பல இடங்களில் ஒரே வரியை ஒட்டி ஓடுவதால் இரண்டும் சேர்ந்து ஒரு தடித்த கிதாராகக் காதில் விழுகிறது. ‘பேஸ் இல்லை’ என்று நமக்குத் தோன்றுவது அதனால்தான். பேஸை எடுத்துவிட்டுக் கேட்டால் மீதி எவ்வளவு ஒல்லியாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தட்டு வெட்டுவதிலும் மோனோவுக்கு ஒரு வசதி உண்டு. மோனோப் பள்ளம் இடமும் வலமுமாக மட்டும் ஆடும், ஆழம் மாறாது. ஸ்டீரியோவில் மேலும் கீழுமாகவும் ஆடும். அதில் கனத்த பேஸ் தப்பான இடத்தில் வந்துவிட்டால் பள்ளம் மெலிந்து ஊசி துள்ளும். பழைய மெஷினில் வீட்டிலேயே வெட்டுகிறவனுக்கு மோனோ புத்திசாலித்தனமான முடிவும்கூட. அட, இதை எழுதும்போதுதான் உறைக்கிறது: ‘வேண்டுமென்றே’ என்று நேற்று அடித்துச் சொன்னேன், இன்று ‘வசதிக்காக’ என்கிறேன். இரண்டில் எது? தெரிந்துகொண்டு வருகிறேன்.

17 ஜனவரி

‘கத்துகிறார்’ என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆமாம், கத்துகிறார். ஆனால் சுருதிக்குள் கத்துகிறார். உச்சத்தில் போய் உடைகிற குரல். நான் முதல்முறை கேட்டபோது பங்க் எதுவும் ஞாபகம் வரவில்லை, ஒப்பாரிதான் வந்தது. துக்கம் உண்மையா என்று சந்தேகப்படவே விடாத குரல். பாட்டுகளும் அப்படித்தான்: சாவு, கல்லறை, தனிமை, திரும்பிப் போக முடியாத வீடு. அதையெல்லாம் எழுதியவர் வீட்டுக்குப் போனால் மனைவி, மூன்று பிள்ளைகள், கடைக் கணக்கு.

பெயரையே பாருங்கள். டெட் மூன், செத்த நிலா. நம் ஆள் யாராவது பேண்ட் ஆரம்பித்திருந்தால் ‘அமாவாசை’ என்று வைத்திருப்பான், ஜனங்கள் தர்ப்பணப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

17 ஜனவரி, இன்னும் கொஞ்சம்

பெயர் என்றதும் ஞாபகம் வந்தது. ஃப்ரெட் கோலின் முந்தைய பேண்ட் ஒன்றின் பெயர் லாலிபாப் ஷாப். குச்சிமிட்டாய்க் கடை! அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் தி வீட்ஸ். மேனேஜர் மாற்றிவிட்டார். 1968இல் ஆல்பம் வந்தது. அதே காலத்தில் வந்த ‘யூ மஸ்ட் பீ எ விட்ச்’ இன்று கராஜ் ராக் (கார் கொட்டகையில் கூடி வாசித்த இளைஞர்களின் கரடுமுரடான ராக்) திரட்டுகளில் தவறாமல் இடம்பிடிக்கிற பாட்டு. கேட்டுவிட்டு வாருங்கள், ஃப்ரெட்டுக்கு அப்போது இருபதுகூட நிரம்பியிருக்காது. குரல் மட்டும் அதேதான்.

அதற்கும் முன்னால், பதின்ம வயதில், ‘டீப் சோல் கோல்’ என்ற பெயரில் சோல் பாடகராகத் தட்டு போட்டிருக்கிறார். அப்போதும் பெயர் வைத்தது வேறு யாரோவாகத்தான் இருக்கும். அடுத்தவன் பெயர் வைத்து, அடுத்தவன் விற்ற வாழ்க்கையை இருபது வயதுக்குள் இரண்டு தடவை பார்த்த ஆள் அவர். அப்புறம் ஏன் தட்டைக்கூடத் தானே வெட்டினார் என்று நான் அதிகம் யோசிக்கவில்லை.

22 ஜனவரி

போர்ட்லண்டில் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இதைவிட நல்ல கதை கிடையாது. 1966. வியட்நாம் போருக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிறார்கள். ஃப்ரெட்டின் அன்றைய பேண்ட் முழுக்க வண்டியில் ஏறிக் கனடாவுக்கு ஓடுகிறது. போர்ட்லண்டில் பெட்ரோல் தீர்ந்துபோகிறது. கையில் காசில்லை, ஒரு கிளப்பில் வாசிக்க வாய்ப்புக் கேட்கிறார்கள். அங்கே வேலை பார்த்த பெண்தான் டூடி. அடுத்த வருஷம் கல்யாணம். அது ஐம்பது வருஷம் நீடித்தது. டேங்கில் இன்னும் பத்து லிட்டர் இருந்திருந்தால் டெட் மூன் இல்லை.

கனடாவுக்கு அப்புறம் போனார்கள். எழுபதுகளில் பிள்ளைகளோடு யூகான் பகுதிக்குப் போய்க் காட்டில் கொஞ்ச காலம் குடியிருந்தார்கள். டெட் மூன் பாட்டு ஒன்றுக்கு ‘54/40 ஆர் ஃபைட்’ என்று தலைப்பு. 1840களில் ஆரிகன் பிரதேசத்தின் எல்லை எது என்று அமெரிக்காவும் பிரிட்டனும் இழுத்துக்கொண்டிருந்தபோது எழுந்த முழக்கம் அது: வடக்கு அட்சரேகை 54 டிகிரி 40 நிமிடம் வரை எங்களுக்கு, இல்லையேல் சண்டை. கடைசியில் 1846இல் 49இல் முடித்துக்கொண்டார்கள். எல்லையைத் தாண்டப் புறப்பட்டு வழியில் நின்றுபோன ஒருவர் அந்தத் தலைப்பை எடுத்தாள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் அப்படி நினைத்து வைத்தாரா என்பது வேறு விஷயம்.

23 ஜனவரி

சொல்ல விட்டுப்போனது. டெட் மூன் தொடங்கியது 1987. ஃப்ரெட் பிறந்தது 1948 ஆகஸ்ட். கணக்குப் போடுங்கள், நாற்பதைத் தொடுகிறார். டூடி பேஸ் பழகியதே முப்பதை ஒட்டிய வயதில்தான். ஃப்ரெட்டின் பழைய பங்க் பேண்டான தி ராட்ஸுக்கு ஆள் தேவைப்பட்டது, ஃப்ரெட் சொல்லிக்கொடுத்தார். டிரம்மர் ஆண்ட்ரூ லூமிஸ் அவர்களைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். டிரம்ஸ் மேல் ஜாக் டேனியல்ஸ் விஸ்கி பாட்டில் ஒன்று, அதன் வாயில் எரிகிற மெழுகுவர்த்தி. ஒவ்வொரு கச்சேரியிலும். மெழுகு வழிந்து வழிந்து பாட்டிலே தெரியாது. அப்படி அடிக்கிற டிரம்மரின் மேல் அந்தப் பாட்டில் எப்படி நின்றது என்பது எனக்கு இன்னும் புதிர்தான்.

2 பிப்ரவரி

சரி, என் சொந்தக் கதை. எனக்கு ஏன் இதில் இவ்வளவு கோபம் என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்வி.

நானும் ஒரு மூன்று பேர் பேண்டில் பேஸ் வாசித்தேன். கார் நிறுத்தும் கொட்டகையில்தான், அந்த விதத்தில் ‘கராஜ்’ என்பது பொய்யில்லை. நாலு டிராக் கேசட் மெஷின் ஒன்று வைத்திருந்தோம். அதில் எடுத்ததெல்லாம் கரகரப்பு, ஆனால் உயிர் இருந்தது. அப்புறம் காசு சேர்த்து ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். அங்கிருந்த ஒலிப்பதிவாளர் ஒவ்வொருவரையும் தனித்தனி அறையில் போட்டார், டிரம்ஸைத் தாளக்கோட்டில் நேராக இழுத்தார், பாடகனின் மூச்சுச் சத்தத்தை எல்லாம் துடைத்தார். வெளியே வந்தது மூன்று அந்நியர்கள் லிஃப்டில் சந்தித்துக்கொண்ட மாதிரி இருந்தது. யாரும் யாரையும் பார்க்காத இசை. அந்த வருஷமே பேண்ட் கலைந்தது.

அதனால் ‘நல்ல ஸ்டுடியோ கிடைத்திருந்தால்’ என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

3 பிப்ரவரி

‘லூயி லூயி’ பற்றி இரண்டு வரி, நேற்று எழுதியதோடு சம்பந்தம் உண்டு. அந்தப் பதிவில் பாடகர் ஜாக் ஈலி கிதார் தனிவாசிப்பு முடிந்ததும் தவறான இடத்தில் உள்ளே நுழைந்துவிடுகிறார். நுழைந்தவர் சட்டென நிறுத்த, டிரம்மர் ஒரு உருட்டு உருட்டி மறைக்கிறார். அப்படியே விட்டுவிட்டார்கள். மைக் எங்கோ உயரத்தில் தொங்கியதால் அண்ணாந்து பார்த்துப் பாடியிருக்கிறார், ஒரு வார்த்தை புரியாது. புரியாததாலேயே ஏதோ ஆபாசம் இருக்கும் என்று எஃப்.பி.ஐ. விசாரணை வரைக்கும் போனது. ஆழ்ந்து கேட்டும் ஒன்றும் விளங்கவில்லை என்று முடித்துக்கொண்டார்கள். நாட்டின் உளவுத்துறைக்கே புரியாத பாட்டு அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது.

என் ஒலிப்பதிவாளர் கையில் கிடைத்திருந்தால் அந்த நுழைவை நகர்த்திச் சரிசெய்திருப்பார். யாருக்கும் அந்தப் பாட்டு ஞாபகம் இருந்திருக்காது.

5 பிப்ரவரி

இன்னொரு திருத்தம். எல்லாம் டூம்ஸ்டோனில்தான் வந்தது என்கிற தொனியில் முதல் நாள் எழுதிவிட்டேன். ஐரோப்பாவில் அவர்களின் ஆல்பங்களைப் போட்டது மியூசிக் மேனியாக் என்கிற ஜெர்மன் லேபிள். இது பெரிய விஷயம். அமெரிக்காவில் ஊர்க்கார பேண்டாக இருந்தவர்களுக்கு ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் கூட்டம் கூடியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். போர்ட்லண்டிலிருந்து மூன்றரை மணி நேரத்தில் சியாட்டில். 1991இல் அங்கே கிரஞ்ச் என்கிற கரகரத்த ராக் வெடித்து, பெரிய கம்பெனிகள் செக் புத்தகத்தோடு அலைந்தபோது இவர்கள் வேனில் ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சியாட்டிலின் சப் பாப் லேபிள் இவர்களின் பழைய பாட்டுகளைத் திரட்டி இரட்டைத் தொகுப்பாகப் போட்டது 2006இல். பேண்ட் கலைந்த அதே வருஷம். நேரம் பார்த்து வருவது என்றால் இதுதான்.

ஆக ‘பெரிய ஆட்களாகியிருப்பார்கள்தானே’ என்றால், எங்கே பெரிய? கிரஞ்ச் அலையில் பெரிதான பியர்ல் ஜாம் பேண்ட் தங்கள் கச்சேரிகளில், சொந்தப் பாட்டு ஒன்றின் நடுவே, இவர்களுடைய ‘இட்ஸ் ஓகே’யைச் சேர்த்துப் பாடுவார்கள். மைதானம் முழுக்கக் கூடவே பாடும். பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது யாருடைய வரி என்று தெரியும் என்பதைப் பற்றி நான் கவலைப்பட்டதுண்டு. ஃப்ரெட் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை.

8 மார்ச்

ஆண்ட்ரூ லூமிஸ் இறந்து இன்றோடு ஆறு வருஷம். 54 வயது. புற்றுநோய். இன்று ‘இன் த கிரேவ்யார்ட்’ ஆல்பத்தை அவருக்காக மட்டும் கேட்டேன், மற்ற இருவரையும் காதிலிருந்து ஒதுக்கிவிட்டு. ஃப்ரெட் அவசரப்படும் இடங்களில் லூமிஸ் கூடவே ஓடுகிறார், பிடித்து நிறுத்தப் பார்ப்பதில்லை. தாளம் பாட்டின் தொடக்கத்தில் இருந்த வேகத்தில் முடிவில் இல்லை. குறையா அது? என் பழைய ஒலிப்பதிவாளருக்குக் குறை.

11 மார்ச்

‘அந்த ஒலிப்பதிவாளரை விடவே மாட்டீர்களா’ என்று கேட்டவருக்கு: விடுகிறேன்.

பழைய கேசட்டுகள் ஒரு பெட்டியில் இருந்தன. நேற்றிரவு போட்டுக் கேட்டேன். இருபது வருஷமாக ‘உயிர் இருந்தது’ என்று சொல்லித் திரிந்த பதிவு. என்ன சொல்ல, நாங்கள் சரியாக வாசிக்கவே இல்லை. டிரம்மர் ஒரு பக்கம், நான் இன்னொரு பக்கம். பாடகன் மட்டும் நன்றாகப் பாடியிருக்கிறான், அவனுடைய மூச்சுச் சத்தமும் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த மனிதர் எங்களைத் தனி அறைகளில் போட்டது எங்களைக் காப்பாற்றுவதற்காக. இப்போதுதான் புரிகிறது.

கேசட்டின் வலது பக்க ஒலி முழுக்கப் போய்விட்டிருந்தது. ஒற்றைக் காதில்தான் கேட்டேன். மோனோ அதுவாகவே வந்துவிட்டது. டெட் மூன் வரவில்லை.

12 மார்ச்

இதனால் என் முதல் நாள் பதிலையும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. நான் சொன்னது: மோசமான பதிவு அவர்களின் அழகு. இப்போது சொல்வது: அது மோசமான பதிவே இல்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கிறார்கள், அந்தக் கேட்டல் பதிவாகியிருக்கிறது. அவ்வளவு இருந்தால் கரகரப்பு உறுத்தாது. அது இல்லாத எங்களுக்குக் கரகரப்பு ஒரு போர்வை. ‘லோ-ஃபை’ என்று பெயர் வைத்து இப்போது மென்பொருளில் கரகரப்பை விலைக்கு வாங்கிச் சேர்க்கிறார்கள், அந்தப் போர்வையைத்தான் விற்கிறார்கள்.

வசதிக்காகவா வேண்டுமென்றேவா என்று ஜனவரியில் விட்ட கேள்விக்கும் இதுதான் பதில். கையில் பழைய மோனோ லேத் இருந்தது, அதற்கு ஏற்றபடி வாசித்தார்கள், அப்புறம் வேறு எதற்கும் போகத் தேவைப்படவில்லை. வசதி பழக்கமாகி, பழக்கம் பிடிவாதமானது. கல்யாணமும் அப்படித்தானே என்று என் மனைவி சொல்கிறாள். இதை அவளைக் கேட்காமல் இங்கே போடுகிறேன்.

13 மார்ச்

கேட்டாள். பரவாயில்லை என்றாள்.

9 நவம்பர்

ஃப்ரெட் கோல் இறந்த நாள், 2017. 69 வயது. அதற்கு ஒரு மாதம் முன்னால், அக்டோபர் 5ஆம் தேதியைப் போர்ட்லண்ட் நகரம் ‘டெட் மூன் இரவு’ என்று அறிவித்திருந்தது. அது அவர்களுடைய ஒரு பாட்டின் பெயரும்கூட.

2006இல் பேண்டை நிறுத்தினார்கள், கடைசிக் கச்சேரி நெதர்லாந்தின் குரோனிங்கனில், வேரா என்கிற கிளப்பில். ஊரில் இல்லை, அங்கே. உடனே அடுத்த வருஷம் ஃப்ரெட்டும் டூடியும் வேறு டிரம்மரோடு பியர்ஸ்ட் ஏரோஸ் என்று கிளம்பிவிட்டார்கள். 2014இல் லூமிஸோடு மறுபடி டெட் மூன். ஓய்வு எடுக்கத் தெரியாதவர்கள். ஃப்ரெட் போன பிறகும் டூடி மேடை ஏறியிருக்கிறார்.

10 நவம்பர்

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். போன் ஸ்பீக்கரில்தான் கேட்டாராம், அதுவும் யாரோ எங்கேயோ ஏற்றிவைத்த நகலின் நகலை! பத்து மாதமாக நான் லேத், பள்ளம், யூகான் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஐயா, முதலில் ஒரு நல்ல ஸ்பீக்கர். ஒன்று போதும், மோனோதான். ‘அன்னோன் பாசேஜ்’ ஆல்பம், 1989. சத்தமாக. பேஸ் கேட்கிறதா என்று சொல்லுங்கள்.